மூக்குக் கண்ணாடியைக் கழற்றுமுன்

சோமனூரில் ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள் நடப்பவர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. தறிச் சத்தமே அழைத்துச் செல்லும். பாவு ஓடுகிறது, நாடா பாய்கிறது, காடாத் துணி சுருள் சுருளாய் இறங்குகிறது. கூலி கட்டுப்படியாகிறதா என்ற வழக்கு இந்த ஊரில் ஓயாத வழக்கு. அதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுத வரவில்லை. தறியின் முன் நிற்கும் மனிதரின் கண்ணைப் பற்றித்தான் இன்று பேச்சு.

ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் அதைக் கண்டுகொள்ளும் கண் அது. தறியோட்டிக்குக் கை எவ்வளவு முக்கியமோ கண்ணும் அவ்வளவு முக்கியம். ஆனால் கையில் ஒரு கீறல் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டுகிறோம். கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்தால் கசக்கிவிட்டு அடுத்த தறிக்குப் போய்விடுகிறோம்.

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக் கொள்வோம். தகப்பனார் தறி ஓட்டுகிறார். மகன் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டான். கிட்டப் பார்வை, மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருபவர் மாமனா மச்சானா என்று தெரியாது. சீருடை உத்தியோகத்துக்கு மனுப் போட ஆசை. பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனால், லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று விளம்பரப் பலகைகள் கூப்பிடுகின்றன. வேலை சில நிமிஷந்தான் என்கிறார்கள். தாயாரின் வளையல் அடகுக்குப் போகிறது. (சில சீருடைப் பணிகளில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களைச் சேர்ப்பதற்கே தனி விதிகள் உண்டு. வளையலைக் கழற்றுமுன் அதை விசாரித்துக் கொள்வது நல்லது.)

அந்தச் சில நிமிஷத்துக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது. வெற்றி மட்டுமல்ல, வருந்தத்தக்க தவறுகளும் அதில் உண்டு. மகனும் தாயாரும் அதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நமது எண்ணம்.

ஐந்து தாள் கனம்

கண்ணின் முன்புறத்தில் கடிகாரத்தின் கண்ணாடி மூடி போல ஒரு படலம் கவிந்திருக்கிறது. டாக்டர்கள் அதைக் கார்னியா என்பார்கள். நாம் கருவிழிப் படலம் என்போம். பெயர்தான் கருவிழி, படலத்துக்கு நிறமே கிடையாது. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். எழுதுகிற காகிதத்தில் ஐந்து தாளை அடுக்கினால் அவ்வளவுதான். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்த ஐந்து தாள்தான் செய்கிறது. இதில் ரத்தக் குழாய் இல்லை. பிராணவாயுவைக் கண்ணீர் மூலம் காற்றிலிருந்தே எடுத்துக் கொள்கிறது.

இதன் உடம்பு எதனால் ஆனது என்று பார்த்தால் சோமனூர்க்காரர்களுக்குச் சொந்த விஷயமாகிவிடும். அது ஒரு நெசவு. கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள்; ஒரு மில்லிமீட்டரை முப்பதாயிரத்துக்கு மேல் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஓர் இழையின் பருமன் அவ்வளவு. அவை பாவு நூல் போலப் பக்கம் பக்கமாய் ஓடி ஓர் அடுக்காகின்றன. அதன்மேல் வேறு திசையில் ஓடும் இன்னோர் அடுக்கு. இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட அடுக்குகள். விழியின் வெள்ளைப் பகுதியும் இதே கொலாஜன்தான். ஆனால் அங்கே இழைகள் பருமனிலும் வரிசையிலும் தாறுமாறு. ஆகவே அது சுண்ணாம்புச் சுவர் போல ஒளியை மறிக்கிறது. கருவிழியில் இழைகள் ஒரே பருமன், ஒரே இடைவெளி. ஆகவே ஒளி தடையின்றிப் புகுகிறது. இந்தக் காரணத்தை 1957-ல் டேவிட் மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கினார். ஒரே நூல், நெசவு மாறினால் துணியே மாறிவிடும் என்பது நமது ஊரார் அறியாததா?

இன்னொரு சங்கதி. முன்புற அடுக்குகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பின்புற அடுக்குகள் வெறுமனே ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்கின்றன. எனவே படலத்தின் பலம் முன்புறத்தில்தான் அதிகம். வேல்ஸ் தேசத்துக் கார்டிஃப் பல்கலைக் கழகத்தில் கீத் மீக் என்பவரின் குழுவினர், தானமாக வந்த மனிதக் கருவிழிகளின் ஊடே எக்ஸ்-ரே கதிர்களைச் செலுத்தி, இழைகள் எந்த இடத்தில் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று வரைபடமே எழுதியிருக்கிறார்கள். இது பொழுது போகாதவர்கள் செய்த காரியமல்ல என்பது கீழே விளங்கும்.

அவசரத்தின் விலை

ஜப்பானில் ஸடோ என்ற டாக்டர் இருந்தார். கருவிழியில் கீறல் போட்டால் அது தட்டையாகி, கிட்டப் பார்வை குறையும் என்று கண்டார். 1930-களின் இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கான கண்களில் செய்தும் காட்டினார். கீறலை முன்புறம் மட்டுமின்றிப் பின்புறத்திலும் போட்டார். நோயாளிகள் மகிழ்ந்தார்கள். சுமார் இருபது வருஷம் கழித்து அந்தக் கண்களில் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாக மங்கத் தொடங்கின.

என்ன காரணம்? படலத்தின் உட்புறத்தில், ஒரே வரிசையாய், ஒரு நுண்ணிய உயிரணு அடுக்கு இருக்கிறது. படலத்துக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது அதன் வேலை. கிணற்றில் ஏற்றம் நின்றால் நீர் ஊறுவது போல, இந்த அடுக்கு கெட்டால் படலம் ஊறிப் புகைந்துவிடும். மனிதருக்கு இந்த உயிரணுக்கள் போனால் போனவைதான். புதிதாய் முளைத்து இடத்தை நிரப்புவதில்லை. ஸடோ கத்தி வைத்தபோது இந்த உண்மை மருத்துவ உலகுக்கு விளங்கியிருக்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. படலத்தைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் அதைத் திருத்தப் புறப்பட்டார், அவ்வளவுதான். அதன் விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

1970-களில் மாஸ்கோவில் ஃபியோதரவ் என்பவர் முன்புறத்தில் மட்டும் கீறல் போடும் முறையைப் பரப்பினார். அது அமெரிக்கா வரை பரவியது. அந்நாட்டில் பத்து வருஷம் தொடர்ந்து சோதித்துப் பார்த்ததில், சிகிச்சை பெற்ற கண்களில் 43 சதவிகிதம், கிட்டப் பார்வையைத் தாண்டித் தூரப் பார்வைப் பக்கம் ஒரு டயாப்டர் அல்லது அதற்கும் மேலாக நகர்ந்திருந்தன. நெசவை அறுத்தால் துணி தொய்யத்தானே செய்யும்?

சென்னைக்காரரும் வான்கோழியும்

அடுத்த அத்தியாயத்தில் நமக்கு உரிமையுள்ள ஒருவர் வருகிறார். ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக் கழகத்தில் ரசாயனம் படித்து, அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அமர்ந்தார். அவருக்கும் கண் வைத்தியத்துக்கும் சம்பந்தமில்லை. எக்ஸைமர் லேசர் என்ற புற ஊதாக் கதிரால் பிளாஸ்டிக்கைச் செதுக்குவது அவர் ஈடுபட்டிருந்த வேலை. உயிருள்ளவற்றின் தசையையும் இப்படிச் செதுக்க முடியுமா என்று அவருக்கும், உடனிருந்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருக்கும் ஒரு யோசனை.

1981 நவம்பர் 27. முதல் நாள் அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்து உண்ணும் நன்றி நவிலும் திருநாள். விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பையும் குருத்தெலும்பையும் ஸ்ரீனிவாசன் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்து வந்து லேசரின் அடியில் வைத்தார். கதிர் பட்ட இடம் உளி வைத்ததுபோல் சுத்தமாய்ப் பெயர்ந்தது, பக்கத்தில் கருகவில்லை. சூட்டினால் எரிக்காமல், அணுக்களின் பிணைப்பையே அறுத்து ஆவியாய்ப் பறக்கவிடும் வித்தை அது. பிறகு ஒரு தலைமயிரில் வரிசையாய்ப் பள்ளம் வெட்டி எடுத்த படம் உலகப் பிரசித்தமாயிற்று. மிச்சச் சோற்றை வீணாக்காதே என்று நமது பாட்டிமார் சொன்னது இப்படியும் பலித்தது.

1983-ல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் டாக்டர் ஸ்ரீனிவாசனைத் தேடி வந்தார். இருவரும் மாட்டுக் கண்ணின் கருவிழியில் லேசரைச் சோதித்து அந்த வருஷமே முடிவை வெளியிட்டார்கள். கத்திக்குக் கிட்டாத நுட்பம் ஒளிக்குக் கிட்டியது. பார்வையுள்ள மனிதக் கண்ணில் இச்சிகிச்சை 1988-ல் அமெரிக்காவில் மார்கெரீட் மெக்டொனால்டு என்ற பெண் டாக்டரால் நடந்தது. படலத்தின் மேற்பகுதியை மடல் போல் சீவித் தூக்கி, அடியில் லேசரால் செதுக்கி, மடலை மறுபடி மூடும் லாசிக் முறையைக் கிரேக்க நாட்டுப் பல்லிகாரிஸ் முதலானோர் அதையடுத்து உருவாக்கினார்கள். ஸ்ரீனிவாசனுக்கும் தோழர் இருவருக்கும் 2013-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தேசியத் தொழில் நுட்பப் பதக்கம் அணிவித்தார். நமது பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூட்டல் கழித்தல்

இப்போது நமது சோமனூர் இளைஞனிடம் வருவோம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். சாதாரணக் கருவிழி 540 மைக்ரான் கனம் என்று வையுங்கள். லாசிக் மடலுக்கு 110 போயிற்று. ஒரு டயாப்டர் குறைக்கச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் செதுக்க வேண்டும்; மைனஸ் ஆறுக்கு 90 வரை ஆகும். மிச்சம் 340. இது போதும். அதே மைனஸ் ஆறு, ஆனால் பிறவியிலேயே 470 மைக்ரான் கனமுள்ள மெல்லிய கண் என்றால்? மிச்சம் 270. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. எச்சரிக்கையான டாக்டர்கள் 300 கேட்கிறார்கள். மூடிய மடல் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய பின்னலின் பலம் திரும்புவதில்லை. அதிலும் பலமான முன்புற நெசவைத்தானே அறுத்தோம்!

இப்படி மெலிந்த கருவிழிகள் சில, மாதங்களோ வருஷங்களோ கழித்து உள்ளழுத்தம் தாங்காமல் முன்னே பிதுங்கியதை 1998-ல் ஜெர்மானிய டாக்டர் தியோ சைலர் எடுத்துரைத்தார். ஆயிரத்தில் மிகச் சிலருக்கே வரும் சங்கடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசகர்களைப் பயமுறுத்துவது நமது நோக்கமன்று. லட்சோபலட்சம் பேர் இச்சிகிச்சையால் நலம் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கருவிழியின் மேடு பள்ளத்தையும் கனத்தையும் அளந்து வர்ணப் படமாய்க் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. கருவிழி கூம்பு போலக் குவியும் நோயின் அடையாளம் அந்தப் படத்தில் தென்பட்டால் லாசிக் கூடவே கூடாது. ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கத்துக்கும் கூம்பு நோய்க்கும் தொடர்பு உண்டென்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பஞ்சுத் தூசியில் வளரும் பிள்ளைகளின் தாய்மார் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவலாம், கசக்கக் கூடாது.

கூம்பு நோய்க்கே ஒரு மாற்றை நெசவு ஆராய்ச்சிதான் கொடுத்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சைலரும் வோலென்சாக், ஸ்பேர்ல் ஆகியோரும் பி-2 வைட்டமின் சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, அளவான புற ஊதாக் கதிரைக் காட்டினார்கள். இழைக்கும் இழைக்கும் இடையே புதிய பிணைப்புகள் உண்டாகி நெசவு விறைத்தது. நோய் மேலே போகாமல் நின்றது. இதை 2003-ல் வெளியிட்டார்கள். பாவுக்குக் கஞ்சி போட்டு இழையைப் பலப்படுத்துவதை நித்தம் பார்க்கும் ஊருக்கு இது விளங்கக் கஷ்டமிராது.

மடலே எடுக்காமல், சிறு துளை வழியாக உள்ளிருந்து ஒரு வில்லைத் தசையை மட்டும் உருவும் ஸ்மைல் என்ற முறையும் இப்போது பழக்கத்தில் இருக்கிறது. முன்புறப் பின்னல் பெரும்பாலும் அறுபடாது என்பது அதன் தத்துவம். உருவிய வில்லையைக் குப்பையில் எறிவானேன், குளிரில் பாதுகாத்து வேறொருவருக்கு உதவச் செய்யலாமே என்று பெங்களூர் நேத்ரதாமா ஆஸ்பத்திரியின் டாக்டர் ஸ்ரீ கணேஷ் குழுவினர் 2014-ல் ஆராய்ந்து எழுதினார்கள். மறுபடியும் மிச்சத்தின் மகிமைதான்!

சிகிச்சை நிலையங்களுக்கு ஒரு வார்த்தை. அளவெடுத்த படத்தையும் கணக்கையும் நோயாளியின் கையிலேயே கொடுங்கள். சிகிச்சைக்கு முன் கருவிழி எப்படி இருந்தது, எவ்வளவு செதுக்கப்பட்டது என்ற விவரம் அவருக்கு அறுபது வயதில் கண்புரை வரும்போது தேவைப்படும். லேசர் பட்ட கருவிழியில் உள்ளே வைக்கும் லென்சின் அளவைக் கணிப்பது சிக்கல். பழைய அளவு கையில் இருந்தால் டாக்டருக்குப் பெரிய துணை. இருபத்திரண்டு வயதில் வாங்கிய காகிதத்தை நாற்பது வருஷம் பத்திரப்படுத்த வேண்டுமா என்று கேட்கலாம். வீட்டுப் பத்திரத்தை வைத்திருக்கவில்லையா? ‘உனது கண்ணுக்கு இது ஒத்து வராது’ என்று சொல்லித் திருப்பியனுப்பும் டாக்டரையும் நமது ஜனங்கள் கைராசி இல்லாதவர் என்று ஏசக் கூடாது. வளையலையும் கண்ணையும் சேர்த்துக் காப்பாற்றியவர் அவர்.

மாண்டவர் தந்த பாடம்

பார்வையைத் திருத்தும் ரண சிகிச்சை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவது மட்டுமல்ல. சுண்ணாம்பு பட்டோ, பயிர்த்தாள் குத்திப் பூஞ்சைப் புண் கண்டோ, கருவிழி வெளுத்தவர்கள் நமது கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறொருவரின் கருவிழியைப் பொருத்துவது ஒன்றே வழி. 1905 டிசம்பரில் ஐரோப்பாவின் ஓலோமோட்ஸ் நகரில் எட்வர்டு ஸிர்ம் முதன்முதலாய் வெற்றி கண்டதும் சுண்ணாம்பினால் பார்வையிழந்த ஒரு கூலித் தொழிலாளியின் கண்ணில்தான். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையாவால் தொடங்கப்பட்டது என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமை.

அன்று படலம் முழுவதையும் வெட்டி மாற்றினார்கள். இன்று கெட்ட அடுக்கை மட்டும் மாற்றுகிறார்கள். நாகபுரியில் வைத்தியம் படித்து இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஹர்மிந்தர் சிங் துவா, தானமாய் வந்த 31 கருவிழிகளில் காற்றுக் குமிழிகளைச் செலுத்திப் பார்த்து, பின்புறத்தில் பத்து மைக்ரான் கனமே உள்ள உறுதியான அடுக்கு ஒன்று இருப்பதாக 2013-ல் அறிவித்தார். அது தனி அடுக்கா, பழைய அடுக்கின் ஓரமா என்று நிபுணர்களிடையே சர்ச்சை உண்டு. சர்ச்சை ஒரு புறம் இருக்க, சென்னையில் டாக்டர் அமர் அகர்வால் அந்த அடுக்கையும் சேர்த்து எடுத்துப் பொருத்தும் புது முறையைத் துவாவுடன் சேர்ந்து 2014-ல் வெளியிட்டார். சுருண்டு தொல்லை கொடுக்கும் இளம் வயதினரின் திசுவும் இம்முறையில் பயன்பட்டது. இருட்டில் இருந்த சிலருக்கு வெளிச்சம் கிடைத்தது என்பதுதானே முக்கியம்?

இங்கேதான் நமது வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தானமாக வரும் எல்லாக் கண்களும் பொருத்தத் தகுந்தவையாக இருப்பதில்லை. உட்புற உயிரணுக்கள் குறைந்திருக்கலாம். முன்பு லேசர் செய்த கண்ணாக இருக்கலாம். அவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். மேலே சொன்ன நெசவுப் படமும், பத்து மைக்ரான் அடுக்கும் தானமாய் வந்த கண்களில் கண்ட உண்மைகள். சோமனூர் இளைஞனின் கண்ணில் எத்தனை மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்ற கணக்குக்கும் இறந்தவர்களின் கண்களில் செய்த சோதனை துணை நின்றது. ‘பயன்படாத கண்ணை எடுத்து என்ன செய்தார்களோ’ என்று சாவு வீட்டில் முணுமுணுப்பவர்கள் உண்டு. கண் வங்கிக்காரர்கள் இதை மறைக்காமல், பொருத்த ஒரு சம்மதம், ஆராய்ச்சிக்கு ஒரு சம்மதம் என்று தனித்தனியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். உறவினரும் இரண்டாவதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது சொற்பம். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். ஆகவே உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பி முடியும் வரை காத்திராமல் உடனே அருகிலுள்ள கண் வங்கிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்கவும். தலைக்குமேல் சுழலும் மின்விசிறியை நிறுத்தவும். தலைக்கு ஒரு தலையணையை உயர்த்தி வைக்கவும். அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அரை மணிக்குள் வேலை முடியும், முகம் விகாரமாவதில்லை. எண்பது வயதுக் கிழவராய் இருந்தாலும், சர்க்கரை வியாதிக்காரராய் இருந்தாலும், ஆயுள் முழுதும் கண்ணாடி போட்டவராய் இருந்தாலும் தடையில்லை. இறந்தவர் முன்கூட்டி எழுதி வைக்காவிட்டாலும் நெருங்கிய உறவினர் சம்மதித்தால் போதும். படிவத்தில் ஆராய்ச்சி பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.